காலஞ்சென்றவர் பெயரில் ஒரு சந்தா ரசீது: நம் சபையின் ஆயருக்கும் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

நம் சபையின் ஆயர் ஐயா அவர்களுக்கும், செயலர், பொருளாளர் உள்ளிட்ட சேகரக் கமிட்டியார் அனைவருக்கும்,

சென்ற பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நம் சபை அலுவலகத்தில் பிற்பகல் 1.15 மணிக்கு எழுதப்பட்ட ரசீது ஒன்றை என் கையில் வாங்கிப் பார்த்தேன். தொகை ரூ. 7,200. விவரம் என்ற இடத்தில் 'சந்தா நிலுவை, 48 மாதம்' என்று இருந்தது. பணம் கொடுத்தவர் பெயருக்கான இடத்தில், அச்சிட்டிருந்த 'திரு / திருமதி' என்பதை அடித்துவிட்டு, நீல மையில் 'காலஞ்சென்ற' என்று எழுதி, அதன்பின் எங்கள் சந்தில் வாழ்ந்த, நம் சபையைச் சேர்ந்த ஓர் அக்காவின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் அவருடைய உடல், தாராவியில் எங்கள் சந்தின் முனையில், இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் கிடத்தப்பட்டிருந்தது.

அவர் இறந்தது அதிகாலை நான்கு மணிக்கு. எட்டு மணிக்கு மகன் சபை அலுவலகத்துக்குப் போய், அடக்கத்துக்குச் சபைக் கடிதம் வேண்டும் என்று கேட்டான். நிலுவையைத் தீர்க்காமல் கடிதம் தர முடியாது என்றார்கள். பாதியை இப்போது கட்டுகிறேன், மீதியை மாதக் கடைசியில் தருகிறேன் என்று கெஞ்சியதற்கும், சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று பதில் வந்தது. அடகுக்கடை திறக்கப் பதினோரு மணியாகும். அதுவரை காத்திருந்து, தாயின் காதிலிருந்து கழற்றிய கம்மலைக் கொண்டுபோய் வைத்துப் பணம் வாங்கி வந்து கட்டினான். கம்மலைக் கழற்றியது நான். காது மடல் விறைத்துப்போயிருந்ததால் திருகாணி அசையவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைதூக்கி நிறைவேற்றிய தீர்மானம் யாருடைய காதில் போய் நிறைவேறியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொதுவில் எழுதுவதற்கு முன் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். அடக்கம் முடிந்த நான்காம் நாள் செயலர் அவர்களைத் தனியாகச் சந்தித்துப் பேசினேன். "ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க டீச்சர்" என்றார். அடுத்த வாரம் சபையின் மூத்தவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு ஆயர் ஐயா வீட்டுக்கு வந்தேன். கமிட்டியின் முடிவில் தாம் தலையிட முடியாது என்று ஐயா சொன்னீர்கள். அன்று நாங்கள் எழுதிக் கொடுத்த மனுவுக்கு ஐந்து வாரமாகியும் பதில் இல்லை. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வகுத்துக் கொடுத்த வழியும் இதுதான்: முதலில் தனித்திருக்கையில் சொல், பிறகு இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அவர்களுக்கும் செவிகொடாமற்போனால் 'அதைச் சபைக்குத் தெரியப்படுத்து'. நான்கு சுவிசேஷங்களிலும் சபை என்ற சொல்லைத் திருச்சபை என்ற பொருளில் ஆண்டவர் சொல்வது இரண்டே இடங்களில். ஒன்று, 'இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்' என்று 16ஆம் அதிகாரத்தில். மற்றது இந்த இடம். ஆகவே கடைசியாக நான் சபைக்குத் தெரியப்படுத்துகிறேன். இது கமிட்டிக்கு எதிரான கலகம் என்று தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.

சென்ற அக்டோபரில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் சந்தா நிலுவை வைத்திருப்போர் பெயர் சபைப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் என்றும், ஞானஸ்நானம், திருமணம், அடக்க ஆராதனை ஆகிய 'சபைச் சலுகைகள்' நிலுவையைத் தீர்த்த பின்னரே வழங்கப்படும் என்றும், நிலுவைதாரர் பட்டியல் தொகையுடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் என்றும் அதில் இருக்கிறது. 'சலுகை' என்ற அந்த ஒரு சொல்லை நான் பலமுறை வாசித்தேன். சலுகை என்பது, கொடுப்பவர் தம் விருப்பப்படி கொடுப்பது, வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளக்கூடியது. ஞானஸ்நானமும் நற்கருணையும் கமிட்டி கொடுப்பவையா? மரித்த விசுவாசியை உயிர்த்தெழுதலின் நம்பிக்கையோடு மண்ணுக்கு ஒப்புக்கொடுப்பது நமக்குள்ள கடமையா, நாம் செய்யும் தயவா? 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் சீர்திருத்தத் தந்தையர் சபை என்பதற்கு விளக்கம் சொன்னபோது, சுவிசேஷம் சரியாகப் போதிக்கப்பட்டு, ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் சரியாக நடத்தப்படுகிற பரிசுத்தவான்களின் கூட்டமே சபை என்றார்கள். கட்டடத்தையோ, நிர்வாகத்தையோ, வருமானத்தையோ அவர்கள் அந்த விளக்கத்தில் வைக்கவில்லை. சாதனங்களைப் பணத்தோடு கட்டும்போது நீங்கள் கைவைப்பது நிர்வாக விதியின் மேல் அல்ல. எது இருந்தால் சபை சபையாகிறதோ அதன் மேல்.

ஆதித் திருச்சபையின் பேராயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் 1700ஆம் ஆண்டை ஒட்டி 2025இல் ஆயர் ஐயா நடத்திய வேதபாட வகுப்புகளில் நான் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. 325இல் நிசேயாவில் தொடங்கி 381இல் கொன்ஸ்தாந்திநோபிளில் நிறைவு பெற்ற அந்த விசுவாசப் பிரமாணம், சபையை ஒன்று, பரிசுத்தமானது, பொதுவானது, அப்போஸ்தலருடையது என்ற நான்கு அடையாளங்களால் அறிகிறது என்று நீங்கள்தான் விளக்கினீர்கள். பொதுவானது என்றால் உலகெங்கும் பரவியது என்பது மட்டும் பொருள் அல்ல, எந்த நிலையில் உள்ள மனிதருக்கும் முழுமையாகத் திறந்திருப்பது என்றும் சொன்னீர்கள். அன்று அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று, அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில், 'பொதுவாயிருக்கிற பரிசுத்த சபையும், பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும்' உண்டென்று விசுவாசிக்கிறேன் என்று அறிக்கையிடுகிறோம். அந்த அக்கா அதை அறுபது ஆண்டுகள் சொன்னவர். அவருடைய கடைசி நாளில் அந்தப் பொதுவான சபையின் கதவு ஐந்து மணி நேரம் சாத்தியிருந்தது.

நம் ஊர்ப்பக்கப் பேச்சில் கோயில் என்றால் கட்டடம், சபை என்றால் ஆட்கள். ஜூலை மழையில் கோயில் ஒழுகுகிறது என்போம்; சபை ஒழுகுகிறது என்று எவரும் சொல்வதில்லை. நம் பாட்டிமார் எவ்வளவு சரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லாகிய 'எக்லேசியா'வும் ஆட்களைத்தான் குறிக்கிறது: கூப்பிட்டுக் கூட்டிய கூட்டம். ஆதியில் அது ஏதென்ஸ் நகரக் குடிமக்கள் கூடி முடிவெடுக்கும் அவையின் பெயர். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்நியருக்கும் அங்கே இடமில்லை. ஆனாலும் அந்த அவையே கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் படிக்காசு கொடுக்கத் தொடங்கியது; அன்றாடக் கூலிக்காரரும் வேலையை விட்டு வந்து உட்கார அதனால் முடிந்தது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள், தேவனுடைய சந்நிதியில் கூடிய இஸ்ரவேல் சபைக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். அப்போஸ்தலர்கள் அதை எடுத்து, 'யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை' என்று அதன் கதவை அகலத் திறந்தார்கள். அப்படித் திறந்த கதவுக்குத்தான் நாம் இப்போது காவல் போட்டிருக்கிறோம்.

கொரிந்து சபையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தாங்கள் கொண்டுவந்ததைச் சாப்பிட்டு முடித்தார்கள். ஒன்றுமில்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அதைக் கேள்விப்பட்ட பவுல் எழுதினார்: 'தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?' இந்த வசனத்தை நான் ஓய்வுநாள் பள்ளியில் பல ஆண்டு நடத்தியிருக்கிறேன். இந்த ஆண்டுதான் அதன் அமைப்பு எனக்குச் சரியாகப் பிடிபட்டது. சபையை அசட்டைபண்ணுவது ஒரு குற்றம், இல்லாதவரை வெட்கப்படுத்துவது இன்னொரு குற்றம் என்று பவுல் இரண்டாக எண்ணவில்லை. இல்லாதவர் வெட்கப்பட்டு நிற்கிற அந்த இடத்தில்தான் சபை அசட்டைபண்ணப்படுகிறது.

அறிவிப்புப் பலகையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். படிப்பது இங்கிலீஷ் மீடியம். வீட்டில் தமிழ் பேசுவான், ஆனால் எழுத்து தெரியாது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் முப்பது ஆண்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், வேதபாடத்தோடு தமிழ் எழுத்தையும் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கடைத்தெருவில் எந்தத் தமிழ்ப் பலகையைப் பார்த்தாலும் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும் என்பது நான் கொடுத்திருக்கும் வீட்டுப்பாடம். டிசம்பர் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்தவன், பலகையின் முன் நின்று சத்தமாக வாசித்தான். "நி, லு, வை. நிலுவை." பிறகு வரிசையாகப் பெயர்களை வாசித்தான். ஏழாவது பெயர் அவன் அப்பாவுடையது. அதைப் பிழையில்லாமல் வாசித்துவிட்டு, சந்தோஷமாகத் திரும்பி, "நிலுவைன்னா என்ன டீச்சர்?" என்று கேட்டான். அவன் அப்பா இரண்டடி தள்ளிச் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். அதற்கு அடுத்த ஞாயிறு முதல் அந்தக் குடும்பம் வரவில்லை. என் வகுப்பில் 34 பிள்ளைகள் இருந்தார்கள். பட்டியல் ஒட்டியபின் 11 பேர் நின்றுவிட்டார்கள். இவர்களைத் தேடி கமிட்டியிலிருந்து ஒருவரும் போகவில்லை. நான் போனேன். ஒரு வீட்டில் கதவைத் திறந்த தாய், சந்தா கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று பொய் சொன்னார். உள்ளே அவர் இருமுவது எனக்குக் கேட்டது.

இந்த மக்கள் ஏற்கெனவே பட்டியல்களுக்கு நடுவில் வாழ்கிறவர்கள். தாராவி மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னிருந்தே குடியிருப்பதற்குச் சான்று உண்டா, இருப்பது தரைத்தளமா மாடியா, இலவச வீட்டுக்குத் தகுதியா இல்லையா என்று ஒவ்வொரு குடும்பமும் பழைய மின்கட்டண ரசீதையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பத்திரப்படுத்திக்கொண்டு பயத்தோடு இருக்கிறது. வாரம் முழுவதும் தகுதியைக் கேட்கிற ஊரில், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமாவது தகுதி கேட்காத இடம் ஒன்று அவர்களுக்கு வேண்டும். அது நம் சபையாக இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

நம் சபை அப்படி இருந்தது. 1982 ஜனவரி 18ஆம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது எனக்குப் பதினான்கு வயது. என் தகப்பனார் சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து பரேலில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அநேகர் திரும்பிப் போகவே இல்லை, எங்கள் அப்பாவும் போகவில்லை. அந்த ஆண்டின் சந்தா நோட்டை நான் பார்த்திருக்கிறேன். இன்றும் அது சபை அலமாரியில் இருக்க வேண்டும். மில்லில் வேலை பார்த்தவர்களின் பெயருக்கு நேரே, பிப்ரவரிக் கட்டத்தில் 'வே.நி.' என்று எழுதி, அங்கிருந்து டிசம்பர் வரை பென்சிலால் ஒரு கோடு இழுத்திருப்பார் அன்றைய பொருளாளர். அந்தக் கோட்டுக்குப் பிறகு நிலுவை என்று எந்தத் தொகையும் கூட்டப்படவில்லை. அதே மாதங்களில், பெண்கள் ஐக்கியத்தார் கைப்பிடி அரிசி டின்னோடு வீடு வீடாகப் போவார்கள். உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து வைக்கிற அந்தப் பழக்கத்தை நம் மக்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தங்களோடு கொண்டுவந்திருந்தார்கள். சேர்ந்த அரிசி ராத்திரியில், மில் குடும்பங்களின் வாசலில் ஆளறியாமல் வைக்கப்படும். ஒரே பையில் பச்சரிசியும் புழுங்கலும் ரேஷன் அரிசியும் கலந்திருக்கும். ஒன்று வெந்து குழையும், ஒன்று வேகாமல் நிற்கும். பதினெட்டு மாதம் நாங்கள் சாப்பிட்ட சோறு அது. யார் வீட்டு அரிசி என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆகவே நான் கேட்பது புதுமை எதுவும் அல்ல. நம் சபையின் பழைய நோட்டிலேயே இருப்பதுதான்.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். ஏறத்தாழ 197ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரிலிருந்து தெர்த்துல்லியன் என்ற சபை எழுத்தாளர் கிறிஸ்தவர்களுக்காக வழக்குரைத்து எழுதியபோது, நம் சந்தாவைப் போன்ற ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். அவர்களிடமும் ஒரு பொதுப் பெட்டி இருந்தது. மாதத்தில் ஒரு நாள், விரும்பினால், முடிந்தால், அவரவர் சிறு தொகை போடுவார்கள். கட்டாயம் எவருக்கும் இல்லை. அந்தப் பணம் விருந்துகளுக்குப் போகவில்லை. ஏழைகளுக்குச் சோறு போடவும், அவர்களை அடக்கம் செய்யவும், தாய் தகப்பனற்ற பிள்ளைகளையும் தள்ளாத முதியவர்களையும் தாங்கவும் போனது என்கிறார். அதை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள் ஐயா. மாதக் காணிக்கை எதற்காகத் தொடங்கப்பட்டதோ, அதில் முதல் இரண்டில் ஒன்று ஏழையின் அடக்கம். நாம் அதே மாதக் காணிக்கையின் பெயரால் ஓர் ஏழையின் அடக்கத்தை நிறுத்தி வைத்தோம். அதற்கு ஏறத்தாழ நூற்றறுபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், கிறிஸ்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வ வழிபாட்டை மீண்டும் நிலைநாட்ட முயன்ற ரோமப் பேரரசர் ஜூலியன், இந்தக் கிறிஸ்தவர்கள் பெருகியதற்குக் காரணம் அந்நியரிடம் அவர்கள் காட்டும் அன்பும் மரித்தோரின் கல்லறைகளின் மேல் அவர்களுக்குள்ள அக்கறையும்தான் என்று தம் பூசாரி ஒருவருக்கு எழுதினார். நம்மைப் பகைத்தவர் கண்ணுக்கே தெரிந்த அடையாளம் அது.

அந்த அக்காவைப் பற்றி நீங்கள் பதிவேட்டில் பார்த்திருப்பது ஒரு வரி. நான் அவரை நாற்பது ஆண்டு அறிவேன். அதிகாலை இரண்டு மணிக்கு அவர் வீட்டுக் கிரைண்டர் ஓடத் தொடங்கும். ஆறு மணிக்கு அலுமினியப் பாத்திரம் தலையில் ஏறிச் சயான் ஸ்டேஷன் பக்கம் போய்விடும். ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்து வெளியே வருகிற எல்லாருக்கும் இரண்டு கொப்பரை இட்லியும் ஒரு வாளி சாம்பாரும் இருபது ஆண்டுக்கு மேலாக அவர் வீட்டிலிருந்து வந்தன. உங்களில் அநேகர் அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு அவர் காசு வாங்கியதில்லை. சபைக் கணக்கில் அது எந்தப் பக்கத்திலும் இல்லை. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனாத் தொற்று கண்டறியப்பட்டபின் வியாபாரம் முழுவதும் நின்றது. அந்த இரண்டு ஆண்டுச் சந்தாவை அன்றைய கமிட்டி எல்லாருக்கும் தள்ளுபடி செய்தது. அதற்காக அவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். 2022 ஜனவரியில் கணக்கு மறுபடி தொடங்கியபோது அவருக்குச் சர்க்கரையில் காலில் புண் வந்து, அடுப்பின் முன் நிற்க முடியாமல் போயிருந்தது. மாதம் 150 ரூபாய், 48 மாதம். இந்த நான்கு ஆண்டில் நற்கருணை கொடுக்க அவர் வீட்டுக்கு எத்தனை முறை போனோம் என்ற கணக்கும் அதே பதிவேட்டின் பக்கத்தில் இருந்திருக்குமானால், தீர்மானம் எழுதிய கை சற்று நின்றிருக்கும். எனக்குத் தெரிந்து இரண்டு முறை.

நிர்வாகத்தின் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. ஆயரின் சம்பளம், பேராயத்துக்குச் செலுத்தும் பங்கு, மின்கட்டணம், கோயில் பணியாளரின் கூலி எல்லாம் சந்தாவிலிருந்துதான் போகின்றன. கொடுக்க முடிந்தும் கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. கமிட்டித் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் சந்தா பாக்கியில்லாதிருக்க வேண்டும் என்ற விதியை நான் எதிர்க்கவில்லை. நிர்வாகப் பொறுப்புக்கு நிர்வாக விதி இருக்கலாம். நான் சொல்வது, வாக்காளர் பட்டியல் வேறு, சபைப் பதிவேடு வேறு என்பது. ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் பெற்று அந்தப் பதிவேட்டில் ஏறிய ஒருவருடைய பெயரைப் பணத்துக்காக நீக்க எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் இல்லை. நீங்கள் எழுதி நுழைத்த பெயர்கள் அல்ல அவை. காணிக்கை எடுக்கும்போது நாம் வாசிக்கிற வசனமே 'அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்' என்பதுதானே.

கட்டட நிதியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இடதுபக்கக் கூரை ஒழுகுவது உண்மை. அதைச் சரிசெய்ய வேண்டும், என் பங்கை நான் தருவேன். ஆனால் பளிங்குத் தரைக்கும் குளிர்சாதனத்துக்கும் எல்இடி திரைக்குமாகக் குடும்பத்துக்குக் குறைந்தது ரூ. 25,000 என்று நிர்ணயிப்பது, அந்தத் தொகை இல்லாத குடும்பம் அந்தத் தரையில் கால் வைக்கக் கூச வைக்கும்.

'சரீர அவயவங்களில் பலவீனமுள்ளவைகளாய்க் காணப்படுகிறவைகளே மிகவும் வேண்டியவைகளாயிருக்கிறது' என்று பவுல் சபையைச் சரீரத்துக்கு ஒப்பிட்டுச் சொன்னார். நம் மண்ணைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் தோர்னக்கல்லின் பேராயராகி, இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர், 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் எழுந்து நின்று, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகளிடம் கேட்டார். அவர் அந்நியரிடம் கேட்டதை நான் எங்கள் சொந்த ஜனங்களிடம் கேட்க வேண்டியிருப்பது எனக்கு மிகுந்த துக்கமாக இருக்கிறது.

ஆகவே ஆயர் ஐயா அவர்களையும் கமிட்டியார் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, அறிவிப்புப் பலகையிலுள்ள நிலுவைதாரர் பட்டியலைக் குருத்தோலை ஞாயிற்றுக்கு முன் எடுத்துவிடுங்கள். இதற்குத் தீர்மானமோ கூட்டமோ வேண்டாம். நான்கு ஊசியைப் பிடுங்கினால் போதும்.

அக்டோபர் தீர்மானத்தை ரத்து செய்ய ஈஸ்டருக்கு முன் அவசரக் கூட்டம் கூட்டுங்கள். ஞானஸ்நானம், நற்கருணை, திருமணம், நோயாளிச் சந்திப்பு, அடக்கம் இவற்றுள் எதையும் இனி எந்த நிலுவையோடும் எக்காலத்திலும் தொடர்புபடுத்துவதில்லை என்று புதிய தீர்மானம் எழுதி, அதைப் பொதுக்குழுவின் முன் வையுங்கள். இறப்புச் செய்தி வந்த ஒரு மணி நேரத்துக்குள் அடக்கக் கடிதம் கொடுக்கப்பட வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். அலுவலகம் பூட்டியிருந்தால் ஆயர் ஐயா தம் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.

அந்த மகனிடம் வாங்கிய ரூ. 7,200ஐத் திருப்பிக் கொடுங்கள். தபாலிலோ வங்கிக் கணக்கிலோ அனுப்ப வேண்டாம். ஆயரும் செயலரும் பொருளாளரும் அவன் வீட்டுக்குப் போய், தாயின் பெயரால் ஜெபித்து, மன்னிப்புக் கேட்டு, கையில் கொடுங்கள். அடகுக்கடையில் கம்மல் இன்னும் மூழ்கவில்லை, வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. அதைச் சீக்கிரம் மீட்கும்படி செய்யுங்கள்.

வராமல் நின்றுவிட்ட குடும்பங்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. தொகை போடாத பட்டியல் அது. உங்களில் ஒருவருக்கு மூன்று வீடு வீதம் தருகிறேன், போய்ப் பாருங்கள். ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் போகாதீர்கள். சந்தாவை அவரவர் வருமானத்துக்கு ஏற்பத் தாமே தீர்மானிக்கவும், பெயர் எழுதாத உறையில் போடவும் ஏற்பாடு செய்யுங்கள். கட்டட நிதியின் குறைந்தபட்சத் தொகையை எடுத்துவிட்டு, அந்தத் திட்டத்தைக் கணக்கோடு பொதுக்குழுவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு முன், ஏழைகளின் அடக்கச் செலவுக்கென ஒரு சிறு நிதியைத் தொடங்குங்கள். கைப்பிடி அரிசி டின் இப்போதும் பின்அறையில் கிடக்கிறது. பெண்கள் ஐக்கியத்தார் அதை மறுபடி எடுக்கச் சம்மதித்திருக்கிறோம். நீங்கள் அனுமதி கொடுத்தால் போதும்.

இந்த மடலுக்கான பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். அறிவிப்புப் பலகையில், அந்தப் பட்டியல் இருந்த இடத்திலேயே, பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கும்படி பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை,
தாராவி, மும்பை